பால் நேரம்

எங்கள் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா கீழே, ஓடைக்குப் பக்கத்தில் இருந்தது. வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே ஆயாவிடம் விட்டுவிட்டு மலையேற வேண்டும். நாங்கள் கொழுந்து பறித்த மலைகளில் பாதி கொத்மலைப் பக்கம் பார்த்த உச்சிச் சரிவுகள். மேலே நின்று பார்த்தால் பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரை உள்ளங்கையளவு தெரியும். உள்ளே அழுகிற பிள்ளையின் சத்தம் மட்டும் அங்கே வந்து சேராது.

என் மூத்த மகள் பிறந்தது ஐம்பதுகளின் நடுவில். எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்குள், காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டியதாயிற்று. விடியற்காலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் அடுத்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கும்போதுதான். இடையில் கிடையாது. அந்த நேரத்துக்குள் மார்பு கல்லாகக் கனத்துவிடும். பிறகு தானாக வழியும். ரவிக்கை நனைந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் நனைந்து, குளிர்காற்று பட்டதும் அந்த ஈரம் ஊசியாகக் குத்தும். பெற்ற பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருக்க, அதற்குச் சுரந்த பால் தேயிலைச் செடிக்குப் போயிற்று.

அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஆண்கள் அல்ல. அடுத்த நிரையில் நின்று பறித்த எங்கள் தாய் வயதுப் பெண்கள்.

"என்னாடி, மழை வருமுன்னயே நனஞ்சிட்ட?" என்பார்கள். "இந்தக் காலத்துக் குட்டிங்களுக்கு எல்லாமே ஒழுகுது" என்பார்கள். நாங்கள் எதைச் செய்தாலும் அவர்களுக்கு அது சோம்பல், இல்லாவிட்டால் திமிர். வாசனைச் சோப்புப் போட்டால் திமிர். ஹட்டனுக்குப் போய்ப் படம் பார்த்தால் கெட்டுப்போனோம். கங்காணி ஏசும்போது தலையைக் குனியாமல் நின்றால் குடும்பத்துக்கு ஆகாதவள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களுக்குக் 'கும்பிடு கூட்டம்' என்று பெயர் வைத்திருந்தோம். துரையின் கார் மலை வளைவில் திரும்பும்போதே பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்பார்கள் என்பதால் வைத்த பெயர் அது. அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவள் என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

ஒரு மாரியில் எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. கைதூக்க முடியாத வலி. சுடுதண்ணீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தது, லயத்து வரிசையில் எங்களுக்கு அடுத்த அறையில் குடியிருந்த பக்கத்துக் காம்பராக்காரி. அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது, ஆண் பிள்ளை.

"காலையில கொழுந்தத் தராசுல நிறுத்ததும் ஒரு எட்டு போயிப் பால் குடுத்துட்டு வந்தா என்னா கொறஞ்சிரும்?" என்றாள் அவள். "கேட்டுப் பாப்போம். வாய் இருக்குல்ல."

தோட்டத்துத் தலைவரிடம் முதலில் போனோம். தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் அவர்தான் தலைவர், அத்தை வயதுக்காரர். "இப்பத்தான் தொர நல்ல மொகமா இருக்காரு. பொறுங்கம்மா" என்றார். பொறுத்தோம். அந்த மாதம் முழுக்கப் பொறுத்தோம். பிறகு மலையில் வைத்தே நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கங்காணியிடம் கேட்டோம்.

கங்காணி புத்திசாலி. முடியாது என்று அவர் சொல்லவில்லை. மேல் நிரையைப் பார்த்து, "என்னாங்க, புள்ள பெத்து வளத்தவங்க நீங்க சொல்லுங்க. இதுகளுக்கு நடுவுல ஒருதரம் பால் குடுக்கப் போகணுமாம். போகணுமா?" என்று சத்தமாகக் கேட்டார்.

என் அத்தை கொழுந்து பறிக்கிற கையை நிறுத்தவேயில்லை.

"எதுக்குங்க கங்காணி? நாங்கல்லாம் பெக்கலையா, வளக்கலையா? பால் குடுக்குறேன்னு போயி அங்க குந்திக்கிட்டுக் கதையளக்கத்தான் கேக்குறாளுங்க."

மேல் நிரை முழுக்கச் சிரித்தது. கங்காணி கையை விரித்தார். "கேட்டீங்கல்ல?" என்றார்.

எனக்குக் காய்ச்சல் முழுதாக விடவில்லை. என் பிள்ளை அவளுடைய பேத்தி. நான் ராத்திரியெல்லாம் வலியில் முனகியதை அதே காம்பராவில் படுத்துக் கேட்டவள் அவள். அவ்வளவும் தெரிந்துதான் சொன்னாள். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

அன்று வேலை முடிந்து வந்ததும் அடுப்படியில் கேட்டேன். "ஏன் அத்த அப்புடிச் சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன்."

"ஒங்க பேத்திதான் அங்க பசியில கெடக்குறா."

"ஏன் அவுங்கப்பன் கெடக்கலையா?" அத்தை விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "தேயிலைத் தூருல சாக்க விரிச்சுப் படுக்கப் போட்டுட்டுப் பறிச்சேன். அட்டை கடிச்சு ரத்தம் ஓடும். பிச்சு எறிஞ்சிட்டுப் பறிச்சேன். எனக்கு எவ வந்து பால் குடுத்துட்டு வான்னு சொன்னா?"

"ஒங்களுக்குச் சொல்லலைன்னா எங்களுக்கும் கெடைக்கக் கூடாதா?"

"நாங்க பட்டதுல நீங்க கொஞ்சமாச்சும் படணும். அப்பதான் ஒடம்பு வணங்கும்."

அவள் பெற்றது ஆறு. தங்கியது என் கணவரும் ஒரு நாத்தனாரும் மட்டும். அது எனக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு அவளுக்காக இரக்கப்படச் சொன்னவர்கள் பிற்பாடு பலர். இரக்கம் எனக்கு வராமல் இல்லை. ஆனால் நான்கு பிள்ளைகளை மண்ணில் போட்டவள், ஐந்தாவதாக ஒரு பிள்ளை பட்டினி கிடந்தால் பதறத்தானே வேண்டும்? அவள் பதறவில்லை. தான் பட்டதை ஏதோ சீதனம் மாதிரி என் தலையில் கட்டப் பார்த்தாள். என் கணவர் சுவரில் சாய்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் களைத்து வந்தவர். "ரெண்டு பேருக்கும் நடுவுல என்னைய இழுக்காதீங்க" என்றார். அவ்வளவுதான் அவர் பங்கு.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. காலைக் கொழுந்தை நிறுத்து முடிந்ததும் பக்கத்துக் காம்பராக்காரி கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நானும் கழற்றினேன். பிறகு மற்றவர்களும். யாரும் கோஷம் போடவில்லை. தலையில் கம்பளியை இழுத்துப் போட்டுக்கொண்டு வழுக்குகிற பாதையில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக இறங்கினோம்.

"ஏய்! எங்க போறீங்க? பேர வெட்டிருவேன்!" என்று கங்காணி கத்தினார்.

அவர் சத்தத்துக்கும் மேலே கேட்டது அத்தையின் குரல். "மானத்த வாங்குறாளே! அடியே, திரும்பி வாடி!"

நான் திரும்பவில்லை. பிள்ளைக் காம்பராவுக்குள் ஈரத்தோடு போய்த் தரையில் உட்கார்ந்தோம். ஆயா பயந்துபோய்க் கதவருகே நின்றுகொண்டாள். என் மகள் துணி ஏணைக்குள் அழுது ஓய்ந்து, விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தாள். எடுத்து மாரில் வைத்ததும் அவள் பிடித்த பிடியில் எனக்கு உயிர் போய் வந்தது.

மலைக்குத் திரும்பியபோது கணக்கப்பிள்ளை வந்திருந்தார். எங்களுக்கு அன்று அரைப் பேர்தான் என்றார். அதாவது பாதி நாள் வேலைதான் பதிவாகும். சரி என்றோம். மறுநாளும் போனோம். அதற்கு அடுத்த நாளும் போனோம். அரைப் பேர், அரைப் பேர், அரைப் பேர். வீட்டில் அத்தை என்னோடு பேச்சை நிறுத்தினாள். சட்டி பானையைப் போட்டு உடைக்கிற சத்தத்தில்தான் பேசினாள்.

பிறகு ஆபீசுக்கு வரச் சொல்லி எங்களுக்கு ஆள் வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டே போனோம். போனால் எங்களுக்கு முன்னால் அங்கே ஒரு கூட்டம் நிற்கிறது. தலைவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் வயதான பெண்கள். எல்லாருக்கும் முன்னால் என் அத்தை.

பெரிய துரை படியில் வந்து நின்றதும் அத்தை அப்படியே விழுந்தாள். சேற்றுத் தரை. நெற்றி தரையில் பட்டது.

"சின்னஞ்சிறுசுங்க தொரைகளே, தெரியாமச் செஞ்சிருச்சுங்க. நீங்கதான் மன்னிக்கணும்."

எங்களுக்காக மன்னிப்பு! நாங்கள் கேட்கச் சொல்லாத மன்னிப்பு. பிள்ளைக்குப் பால் கொடுத்ததற்கு மன்னிப்பு. அவள் சேலையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி உலுக்க வேண்டும் போல இருந்தது. கையில் பிள்ளை இருந்ததால் வாய்தான் வந்தது.

"எங்களுக்குத் தெரிஞ்சுதான் செஞ்சோம் தொரைகளே. மன்னிப்பு நாங்க கேக்கல. புள்ளைக்குப் பால் குடுக்க நேரந்தான் கேக்குறோம்."

தலைவர் திரும்பி, "வாய மூடு!" என்றார். அத்தை தரையில் கிடந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது பயமா வெறுப்பா என்று எனக்கு இன்றும் தெரியாது.

துரை வெள்ளைக்காரர். தோட்டத்துத் தமிழ் பேசுவார். அவர் எங்களையும் பார்க்கவில்லை, தரையில் கிடந்தவளையும் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்.

"கொழுந்து முத்துது. ஆள் இல்லாமக் கரைச்சல். போயிட்டுச் சீக்கிரம் வரட்டும். கூடைய மலையிலயே வச்சிட்டுப் போகணும். சரிதானே?"

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். மாரி மழைக்குப் பிறகு மலையெல்லாம் கொழுந்து பொங்கி நின்றது. பறிக்கக் கை வேண்டும். எங்கள் பிள்ளைகளின் பசி அவருடைய கணக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை. வெட்டிய அரைப் பேர்கள் வெட்டியது வெட்டியதுதான். ஆனாலும் மறுநாளிலிருந்து காலைக் கொழுந்து நிறுத்ததும் நாங்கள் இறங்கினோம். ஒருவரும் கத்தவில்லை.

அத்தை அதன்பின் வெகுகாலம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "தொர முன்னாடி என்னைய அவமானப்படுத்திட்டா" என்று லயம் முழுக்கச் சொன்னாள். அவளை நானா தரையில் விழச் சொன்னேன்?

அறுபதுகள் தொடங்கியபோது அத்தையால் மலையேற முடியவில்லை. முழங்கால் விட்டுவிட்டது. பழைய ஆயா போன இடத்தில் அவளைப் பிள்ளைக் காம்பராவில் போட்டார்கள். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பால் கொடுக்க நேரம் பிந்தி வருகிறவளை வாசலிலேயே நிறுத்தி ஏசுவாள். என் கடைசி மகனும் அவள் கையில்தான் வளர்ந்தான்.

ஒருநாள் நான் அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நானுஓயாப் பக்கத்திலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்து முதல் பிள்ளை பெற்றவள் ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். அத்தை ஏணையை ஆட்டியபடி அவளிடம் சொன்னாள்:

"இந்த நேரமெல்லாம் சும்மா வந்ததுன்னு நெனைக்காத. நாங்க வாங்கிக் குடுத்தது. தொர காலுல விழுந்து வாங்கினோம்."

குடித்துக்கொண்டிருந்த பிள்ளை பயந்து அழுகிற அளவுக்குச் சத்தம் போட்டேன். "யாரு வாங்கினா? மலையில வச்சு வேணாம்னு சொன்னது யாரு? அரைப் பேருக்கு வேலை செஞ்சது யாரு?"

"நீங்க நடந்தீங்க" என்றாள் அத்தை, கொஞ்சமும் அசையாமல். "நடந்தாக் குடுத்துருவானா? நாங்க போயிக் கும்புட்டதுக்கப்புறந்தான தொர வாயத் தொறந்தாரு?"

அவள் பொய் சொல்லவில்லை. அதை அவள் நம்பினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் என்றால் நாலு பேரைக் கூட்டி நிரூபித்திருப்பேன்.

புதிதாக வந்தவள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு, "யாரு வாங்குனதோ, இந்த நேரம் பத்தலைங்க. புள்ள பாதி குடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சு ஓட வேண்டியிருக்கு" என்றாள்.

"பாத்தியா!" என்றாள் அத்தை. "இந்தக் காலத்துக் குட்டிங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் பத்தாது."

நான் மகனைத் தோளில் போட்டுத் தட்டினேன். அந்தப் பெண்ணிடம், "பத்தலைன்னாக் கேளு. போகும்போது என்னையும் கூப்புடு" என்றேன்.

அத்தை என்னை முறைத்தாள். நானும் முறைத்தேன்.