பூஜ்ஜியத்திடம் வாங்கிய டிரா

போடியில் நடந்த செஸ் போட்டியில், சுவரில் ஒட்டிய பட்டியலில் என் பெயருக்கு எதிரே ரேட்டிங் ஆயிரத்து எழுநூறு. என்னோடு ஆட வந்தவருக்குப் பூஜ்ஜியம்; இன்னும் ரேட்டிங்கே வாங்காதவர். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர். அந்தப் பூஜ்ஜியத்தை நம்பி அலட்சியமாக ஆடினேன். திடீரென்று உறைத்தது: அவர் குதிரையை நகர்த்தினால் நான் காலி. அவரும் அந்தக் குதிரையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "டிரா வச்சுக்கிருவமாண்ணே?" என்றார். பெரிய மனது பண்ணுவதுபோல் கை கொடுத்தேன்.

வெளியே வந்ததும் கேட்டார்: "குதிரைய நகத்துனா செக்மேட்டுன்னு தோணுச்சுண்ணே. உங்க ரேட்டிங்குக்கு அதப் பாக்காமயா இருப்பீங்க? அதான் பயந்துட்டேன்."

"அதுக்கு வழி வச்சிருந்தேன்" என்றேன். வழி எதுவும் இல்லை.

"அப்பவே நெனச்சேண்ணே!" என்று நிம்மதியாகச் சிரித்தார்.

இன்றும் பட்டியலில் பூஜ்ஜியத்தைப் பார்த்தால் எனக்குக் கூசுகிறது. அவரோ என்னோடு டிரா செய்ததை, ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டத்தை.