வெற்று இடத்தில் இருந்த சிவப்பு

ஆடி பிறந்தால் புதுவாயலில் எங்கள் ஸ்டுடியோவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். கல்யாணம் கிடையாது, ஆல்பம் கிடையாது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் புதிதாகச் சேர்கிறவர்கள் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தால் உண்டு. என் கணவர் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஹைவேயில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மாதம் மட்டும் ஆல்பம் செய்கிற கம்ப்யூட்டர் எனக்கு.

நான் சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் நிறம் பார்க்கிற வேலையில் இருந்தேன். வாடிக்கையாளர் கேட்ட நிறமும் நாங்கள் கலக்கிய நிறமும் ஒன்றுதானா என்று தகட்டில் பூசிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நிறத்தில் என்னோடு சண்டை போட்டு ஜெயித்த சூப்பர்வைசர் கிடையாது. அப்படிப்பட்டவள், தொலைநோக்கி எடுக்கும் விண்வெளிப் படங்கள் கறுப்பு வெள்ளைதான், நிறத்தைப் பிறகு மனிதர்கள் கொடுக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தால் சும்மா இருப்பேனா? யார் கொடுக்கிறார்கள், எதை வைத்துக் கொடுக்கிறார்கள் என்று மண்டை குடைந்தது. மூலப் படங்களை இன்டர்நெட்டில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் போட்டிருந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நடுவில் கரண்ட் போய்த் தொலைய, மறுபடி முதலிலிருந்து இறக்கி, ஒருவழியாக ஒரு கேலக்ஸியின் படங்களை சிடியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியாகத் தனித்தனியே எடுத்த படங்கள். கூடவே, ஹைட்ரஜன் வாயு ஒளிரும்போது வரும் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிற கண்ணாடி வழியாக எடுத்த படம் ஒன்று. எல்லாமே சாம்பல் நிறம். முதல் மூன்றுக்கும் அதனதன் நிறத்தைக் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததும் கேலக்ஸி இளமஞ்சளாக எழுந்து வந்தது. ஹைட்ரஜன் படத்திலிருந்து நட்சத்திரங்களின் வெளிச்சத்தைக் கழித்துப் பார்த்தேன். கேலக்ஸிக்கு மேலேயும் கீழேயும், ஒன்றுமே இல்லை என்று நான் நினைத்திருந்த இருட்டில், கிழிந்த துணி மாதிரி வாயு பறந்துகொண்டிருந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த ஒளி நிஜத்திலேயே சிவப்புதான் என்பதால் அடர்ந்த சிவப்பையே அதற்குக் கொடுத்தேன்.

இதை முதலில் அவர்தான் பார்க்க வேண்டும். வேறு யாருடைய பாராட்டும் எனக்குத் தேவைப்படவில்லை. எந்த ஆல்பத்தையும் என்னிடம் காட்டாமல் அவர் பிரிண்டுக்கு அனுப்ப மாட்டார். “ஒரு தபா வந்து பாத்துட்டுப் போமே” என்பார். என் கண்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை என்று எனக்குப் பெருமை. இந்த முறை அவர் பார்க்கட்டும் என்று கூப்பிட்டேன். திரையைப் பார்த்தார், நல்லாத்தான் இருக்கிறது என்றார், பிரிண்ட் போட்டு வைக்கிறேன் என்றார். நான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

சாயங்காலம் வந்தால், ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ஃபிரேம் முழுக்க கேலக்ஸி. வாயு ஒரு இழைகூட இல்லை. மாப்பிள்ளை பெண்ணைச் சுற்றி வெறும் இடம் இருந்தால் வெட்டிவிட்டு முகத்தைப் பெரிதாக்குவது எங்கள் தொழில் வழக்கம். அதையே இங்கேயும் செய்திருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். “யோவ், இன்னாயா பண்ணி வெச்சிக்கிற?” என்று கத்தினேன்.

“வெத்து எடமாத்தானே இருந்திச்சி. அதான் வெட்டிட்டேன்” என்றார்.

கிண்டல் பண்ணுகிறார் என்றே நினைத்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, முழுப் படத்தைத் திறந்து, வாயுவின் மேல் விரலை வைத்தேன். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தள்ளிவைத்துப் பார்த்தார். கடைசியில் என் விரலைத்தான் பார்த்தார்.

“இங்க இன்னாமே கீது?” என்று மெதுவாகக் கேட்டார்.

என் கோபமெல்லாம் அப்படியே அடங்கிவிட்டது. எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது, நான் பார்க்காமலே போன ஒரே ஒரு ஆல்பத்தில் முகமெல்லாம் பச்சை பூத்திருந்ததும், பிரிண்ட் போட்ட லேப்மேல் அவர் பழியைப் போட்டதும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ஆல்பத்தையும் பார்க்க என்னை ஏன் கூப்பிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சின்ன வயசுலேர்ந்தே செவப்பு சரியா தெரியாது. வெளிய தெரிஞ்சா எவன் ஆல்பம் குடுப்பான்?”

இத்தனை வருஷம் இதை இவர் தனியாகச் சுமந்திருக்கிறாரே என்று எனக்கு அழுகை முட்டியது. சும்மா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இந்தச் சிவப்பைக் கொடுத்தது நான். சிடியில் இருப்பது சாம்பல்தான். எங்கே எவ்வளவு வெளிச்சம் என்பதை மட்டும்தான் தொலைநோக்கி எழுதி வைத்திருக்கிறது.

கேட்ட நிறத்தை மாற்றுவது எங்கள் கம்பெனியில் பெரிய குற்றம். நான் மாற்றினேன். சிவப்பை எடுத்துவிட்டு வாயுவுக்கு வெளிர் நீலம் கொடுத்தேன்.

திரையை யாராவது தொட்டாலே எரிந்து விழுகிற மனுஷன், தானே விரலை வைத்து, கேலக்ஸியின் முதுகிலிருந்து ஒரு இழையைப் பிடித்து மேலே மேலே போனார். திரையின் விளிம்பு வந்ததும் விரல் நின்றது.

“மேல இன்னும் எடம் கீதா?” என்றார். “வெட்டாம காட்டு.”