விளிம்பில் வைத்த பொட்டு

சென்ற ஆண்டு ஐப்பசி மழை நாள்களில், இலங்கையின் கஹவத்தைக்கு மேலே உள்ள எங்கள் இறப்பர் தோட்டத்தில் நடந்தது இது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் இறுதியாண்டு மாணவி. இறப்பர் மரங்களில் பால் வெட்டும் பெண்கள், வேலை முடிந்து பால் நிறுக்கக் காத்திருக்கும் நேரத்தில் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளும் பேச்சே என் ஆய்வுப் பொருள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். விடுமுறைகளில் வந்து ஒலிப்பதிவு செய்திருந்தேன். பழைய கணினி பழுதானபோது, பதிவுகள் அனைத்தும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே எஞ்சின. பேசியவர்களில் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். இன்னொருவர் இப்போது உயிரோடு இல்லை. மீண்டும் பதிவு செய்யும் பேச்சுக்கே இடமில்லை.

புதிய மடிக்கணினி வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதைத் திறக்க விடவில்லை.

"சாமிக்குக் காட்டாம தொடாத" என்றார். சாமிப் படத்தின் முன் கணினியை வைத்து, பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கையும் வைத்தார். "இதுலதானே ஒன்னோட படிப்பு எல்லாம் இருக்கு? இதுக்கும்தான்."

சூடம் காட்டி, இரண்டுக்கும் தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் விபூதி இட்டுக்கொண்டு தேநீர் ஊற்றப் போய்விட்டேன்.

மறுநாள் காலை, காய்ந்திருந்த பொட்டுகளைத் துணியால் துடைத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கை இணைத்தேன். அதன் சிறுவிளக்கு எரிந்தது. கணினியோ அப்படி ஒன்று வந்திருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வயரின் கணினிப் பக்க முனையை வேறு துளைகளில் செருகிப் பார்த்தேன். கணினியை அணைத்து மீண்டும் இயக்கினேன். ஒரே ஒரு முறை திரையில் ஓர் அறிவிப்பு தோன்றியது: இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபோர்மட் செய்ய வேண்டுமாம். செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். அறிவிப்பை மூடினேன். டிஸ்க்கிலிருந்து வயரைக் கழற்றாமலே அதைப் பையில் வைத்தேன்.

அன்றே பஸ் ஏறி, பஜாரில் கணினி திருத்தும் கடைக்குப் போனேன். கடைக்காரர் முஸ்லிம்; எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்பார்கள். வயரோடு நீட்டியதை அப்படியே வாங்கித் தம் கணினியில் செருகினார். அங்கேயும் அதே அறிவிப்பு.

"டிஸ்க் பழுதாகிப் போயிருக்கு தங்கச்சி. ஃபோர்மட் அடிச்சா புதுசு மாதிரி ஓடும்."

"உள்ளுக்கு இருக்கிறதுங்க?"

"அது போயிரும். டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகாது."

வாசலில் நின்ற ஒருவருக்குச் சிங்களத்தில் விலை சொல்லியபடியே மவுசை நகர்த்தினார். பொது இடத்தில் குரல் உயர்த்திப் பழகாதவள் நான். "வேணாங்க" என்றேன், தகரக் கூரையில் பெய்த மழையில் அது எனக்கே கேட்கவில்லை. அவர் விரல் அழுத்துவதற்குள் எட்டி, டிஸ்க்கிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டேன்.

"யா அல்லாஹ்! என்னா தங்கச்சி, ஷொக் அடிச்சிச்சா?"

கையில் இருந்த வயரின் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

நடந்தது அப்போதுதான் விளங்கியது. டிஸ்க்கின் மேற்புறத்தில் எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தன. அம்மா எழுத்தின் மேல் எதுவும் படவிடமாட்டார். பழைய பத்திரிகைத் துண்டு காலில் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதனால் எழுத்தில்லாத விளிம்பாகப் பார்த்துப் பொட்டு வைத்திருக்கிறார். வயர் செருகும் துளை இருப்பதும் அந்த விளிம்பில்தான். துடைத்த நான் மிச்சத்தை உள்ளே தள்ளியிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் நானா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் துளைக்குள் பார்த்தார்.

"ஹார்ட் டிஸ்க்குக்கும் பொட்டா! நல்ல காலம், பால் ஊத்தி அபிஷேகம் செய்யல்ல."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். சிறிய பிரஷில் ஸ்பிரிட் தொட்டுத் துளையைச் சுத்தம் செய்து, காயவிட்டு, வேறொரு வயரில் இணைத்தார். என் கோப்புகள் திரையில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. சரிபார்க்க ஒன்றைத் திறந்தார். மழையையும் மீறி ஒரு குரல் எழுந்தது.

"ஏய், அத நிப்பாட்டுடி! நான் கங்காணிய ஏசுறது எல்லாம் பதிஞ்சிரப் போவுது!"

தொடர்ந்து வாளிகள் உரசும் சத்தம், ஒரே சிரிப்பு. இப்போது உயிரோடு இல்லாதவரின் குரல் அது. ஒலியைக் குறைக்கப் போன நானா, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குறைக்காமல் விட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் டிஸ்க்கை வாங்கி விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப எங்கதான் வைக்கிறதாம்?" என்றார்.

பதிவுகள் இப்போது வேறு இடங்களிலும் பத்திரமாக இருக்கின்றன; ஆய்வும் முடிந்துவிட்டது. இந்த ஆண்டு ஆயுத பூசையன்று, சந்தனம் தொட்ட விரலோடு அம்மா என்னைப் பார்த்தபடி நின்றார். ஹார்ட் டிஸ்க்கின் மேற்புறத்து எழுத்துகளைக் காட்டினேன்.

"எழுத்து மறைஞ்சிருமே?"

"மறையட்டும்மா."

எழுத்து மறைய வைத்த அந்தப் பொட்டை நான் இன்னும் துடைக்கவில்லை; எதையும் பழுதென்று தீர்ப்பதற்கு முன், அதன் வாயில் யாருடைய அன்பாவது அடைத்திருக்கிறதா என்று பார்க்கும்படி அது எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.