பிரேக்கில் நின்ற காற்று

2008இல் நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். கொஞ்ச தூரம் ஓடினாலே முன்சக்கரங்கள் சூடேறித் தீய்ந்த வாடை அடித்தது. பிரேக் பிடித்தபின் விடாமல் இறுகிக்கொள்கிறது, இரண்டு பக்கமும் கேலிப்பரை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் ஒருவர் சொன்னார். சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு புறமும் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பிடிதான் கேலிப்பர்.

"நாலு போல்ட்டு. இதுக்குப் போயி ஒர்க்‌ஷாப்பா? நானே மாட்டிடுவேன்" என்றார் இவர். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். வேலை பார்த்ததெல்லாம் மேஜையில்தான்.

ஒரு சனிக்கிழமை காலையில் மாட்டி முடித்தார். அடுத்தது பிரேக் ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுகிற வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே குந்தி கேலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு நான் போய் உட்கார்ந்தேன்.

"மிதி. மிதி. மிதி. அப்டியே புடி."

பிடித்தேன். அவர் நிப்பிளைத் திறந்ததும் பெடல் என் காலோடு தரைவரைக்கும் இறங்கியது.

"நான் மூடிட்டு சொல்றவரைக்கும் காலை எடுக்காத. எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிரும்."

எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதித்தேன். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஒரு பாட்டில் ஆயில் தீர்ந்து இரண்டாவது பாட்டிலும் பாதிக்கு வந்தது. பெடல் மட்டும் கெட்டிப்படவே இல்லை. ஈரத் துணி மூட்டையை மிதிக்கிற மாதிரி இருந்தது.

"என்னாங்க, மெத்து மெத்துன்னுதான் போவுது."

"புதுசு, அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் ஓடுனா சரியாயிடும். உனக்கு என்னா தெரியும்?"

மறுநாள் சிதம்பரத்தில் அவருடைய சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. நான் முன்னால் உட்கார்ந்தேன். மாமியார் பின்சீட்டில். வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டி, முன்னால் போன கரும்பு லாரி மெதுவாகி நின்றது. இவர் மிதித்தார். பெடல் கீழே போனது, கார் நிற்கவில்லை. எடுத்து மறுபடி மிதித்தபோதுதான் பிடித்தது. அதற்குள் மோதிவிட்டோம். வேகம் குறைவு என்பதால் உயிர் பிழைத்தோம். மாமியாருக்கு வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைக்க வேண்டியதாயிற்று.

காரைச் சிதம்பரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். இவர் போய்ப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாமியார் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். என்ன ஆச்சு என்று யாரோ கேட்டார்கள்.

"இவ நடுவுல காலை எடுத்துட்டா. காத்து உள்ள போயிடுச்சு" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்திருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அத்தனை தடவையில் ஒரு தடவை, கெண்டைக்கால் இழுத்தபோது, அவர் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால்?

அதன்பிறகு இரண்டு வருடம் நான் அந்தக் கையின் வேலைக்காரி. மாமியாருக்குத் தலைவாரி, சோறு பிசைந்து கொடுத்து, புடவை கட்டிவிட்டேன். கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் பழையபடி மடங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டிக் காட்டுவார். "எம் மருமவ காலை எடுத்தா, எங் கை போச்சு" என்பார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்.

2010இல் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிரேக் கட்டை மாற்றுவதற்காகச் சிதம்பரத்தில் அதே ஒர்க்‌ஷாப்புக்கு நானே ஓட்டிப்போனேன். அங்கிருந்த மெக்கானிக் பரங்கிப்பேட்டைக்காரர், வயதானவர். வண்டியைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

"இது கரும்பு லாரில இடிச்ச வண்டிதானேம்மா?"

"ஆமா பாய். நான்தான் பெடல்லேருந்து காலை முன்னாடியே எடுத்துட்டேன். அதான் காத்து உள்ள போயிடுச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னது? இடது பக்கத்து கேலிப்பர வலது பக்கமும், வலத இடது பக்கமும் மாட்டியிருந்துச்சும்மா. நிப்பிளு மேல இருக்கணும், கீழ வந்துடுச்சு. காத்து மேலதான் நிக்கும். கீழ தொறந்தா ஆயிலு போவும், காத்து எப்படிப் போவும்? நீங்க நாள் பூரா மிதிச்சிருந்தாலும் காத்து வெளிய வந்திருக்காது. அன்னைக்கே சார்கிட்ட கழட்டிக் காட்டுனேனே."

"அன்னைக்கேவா?"

"ஆமாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு கிளம்புனாரு, அதுக்கு முன்னாடி."

வீட்டுக்கு வந்து கேட்டேன். இவர் செய்தித்தாளை மடித்தார்.

"அது முடிஞ்சு போன கதை. இப்ப எதுக்கு?"

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"அத்தினி பேரு நிக்கறப்ப நாந்தான் தப்பா மாட்டுனேன்னு சொல்லச் சொல்றியா? நீ பொம்பள, உன்ன யாரு என்னா கேக்கப் போறா?"

மாமியாரிடம் போய்ச் சொன்னேன். பாய் சொன்னதை அப்படியே, இடது வலது மாறியதைக் கையால் காட்டிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சரி வுடு. எம் புள்ள வேணும்னா செஞ்சான்? இத வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாத."

மறுவாரம் பண்ருட்டியிலிருந்து மாமியாருடைய தங்கை வந்தார். கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை. அதே கதையை, அதே வார்த்தைகளில் சொன்னார். நான் குறுக்கே பேசியிருக்கலாம். எத்தனையோ முறை அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் எழுந்துபோய் அவர்களுக்குத் தட்டு வைத்தேன். இவர் பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. இரண்டு வருடம் அதை நான் நம்பினேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.