நாலு பேர், ஆறு பங்கு

2011 ஜூன் 6, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். கத்திரி முடிந்து ஒன்பது நாள் ஆகியும் வெயில் தணியவில்லை. திண்டிவனத்தில் வறண்ட காற்று வீசிக்கொண்டிருந்தது. எங்கள் கல்லூரியின் கணிதத் துறை அறைக்குள் ஒரு மாணவி வந்து, தன் விடைத்தாளின் நகலை என் மேசைமேல் வைத்தாள். மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துப் பெண். தமிழ் இலக்கியம் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தாள்.

"முப்பத்தேழு போட்டிருக்கீங்க சார். நாப்பது இருந்தாதான் பாஸு. பி.எட். அப்ளிகேஷன் இருபதாந்தேதியோட முடியுது."

பதினான்கு நாள் இருந்தது.

நான் 1993 முதல் விழுப்புரத்திலிருந்து தினமும் திண்டிவனம் போய்க் கணக்கு நடத்தியவன். பதினெட்டு வருஷம் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. அந்த ஆண்டுதான் இலக்கியம், பண்பாடு, கணிதம் மூன்றையும் சேர்த்து ஒரே பாடமாக வைத்தார்கள். தமிழ்த் துறை அம்மையாரும் நானும் சேர்ந்து நடத்த வேண்டும். மொத்தம் ஐந்து அலகு. இரண்டு அவருக்கு, இரண்டு எனக்கு, ஐந்தாவது யாருக்கு என்று கடைசிவரை தெரியவில்லை. ஒருநாள் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் தாலாட்டைப் பற்றிப் பேசினார். வெளியே வந்ததும், "இதுல கணக்கு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"எத்தனை தடவை ஆட்டினா பிள்ளை தூங்கும்னு எண்ணுங்க சார்" என்றார்.



கடைசித் தேர்வுக்கு, இந்த மாவட்டத்து வாழ்க்கையை வைத்து ஒரு கணக்குக் கேளுங்கள் என்று அவர் சொன்னதால் நான் எழுதிய கேள்வி இது: 'நான்கு மீனவர் ஒரு படகில் சென்று 60 கிலோ மீன் பிடித்தனர். பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு?' இதற்கு ஐந்து மதிப்பெண்ணா என்று எனக்கே கூச்சம். இலக்கிய மாணவர்கள் கணக்கைக் கண்டு பயப்படுவார்களே என்று வைத்தேன். இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு பேர் பதினைந்து என்று எழுதியிருந்தார்கள். இவள் ஒருத்தி மட்டும் பத்து.

"நாலால வகுக்கத் தெரியாதாம்மா உனக்கு?"

"ஆறால வகுக்கணும் சார். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு."

"கேள்வியில நாலு பேருன்னுதானே இருக்கு?"

"நாலு பேரு எதுல சார் போனாங்க? நீஞ்சிக்கினா போனாங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்த தமிழ் அம்மையார் குலுங்கிச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. கேள்வியில் படகு என்று எழுதியவன் நான்தான். பத்து சரி என்றால் மற்ற இருபத்தொரு பேர் தவறா? பதினைந்து சரி என்றால், இந்தப் பாடத்தின் பெயரில் பண்பாடு என்ற சொல் எதற்கு?

கண்ணால் பார்த்துவிடலாம் என்று புதன்கிழமை மரக்காணம் பேருந்தில் ஏறினேன். காலை எட்டரைக்குக் குப்பத்துக் கரையில் மீன் ஏலம். கிலோ என்ற பேச்சே அங்கு இல்லை, எல்லாம் கூடை. ஒவ்வொரு கூடைக்கும் தலையை ஆட்டி எண்ணுவது என் பழக்கம். ஏழாவது கூடைக்கு ஆட்டும்போது ஏலம் விட்ட அம்மாள் என் பக்கம் கை நீட்டி, "முந்நூத்தம்பது! சாருக்கு!" என்று கத்தினாள்.

"நான் கேக்கலையேம்மா."

"தலைய ஆட்டிக்கினே இருந்துட்டு இப்போ கேக்கலன்றியே. ஜல்தியா துட்ட எடு சார், பேஜாரு பண்ணாத."

எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, கூடையை அது வந்த படகின் ஆட்களுக்கே தந்துவிட்டேன். நாலு பேர். படகுக்காரர் மணலில் கூறு போட உட்கார்ந்தார். ஆறு கூறு விழும் என்று குனிந்து பார்த்தேன். நாலு போட்டார். என்னைப் பார்த்துவிட்டு ஐந்தாவது ஒன்று போட்டார்.

"படகுக்குப் பங்கு இல்லையா?"

"படகு சோறா சார் துன்னும்? கொழம்புக்குன்னா ஆளுக்கு. வித்த காசுக்குன்னாதான் படகுக்கும் வலைக்கும். இது உனுக்கு, எடுத்துக்கினு போ."

என் கேள்வியில் இருந்தது மீன், காசு இல்லை. அப்படியானால் பதினைந்துதான் சரியா? ஆனால் அறுபது கிலோவை நாலு பேர் குழம்பு வைத்துத் தின்பார்களா? என் கூறை வேண்டாம் என்று அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். திண்டிவனம் தாண்டி, விக்கிரவாண்டி தாண்டி விழுப்புரம் வரும்வரை யோசித்தும் முடிவு கிடைக்கவில்லை.

மதிப்பெண்ணை நானே திருத்த விதி இடம் தரவில்லை. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டினால் வெளியூர் ஆசிரியர் திருத்துவார். "நீங்க போட்ட முட்டைக்கு நான் எதுக்கு சார் பணம் கட்டணும்?" என்றாள் மாணவி. நியாயமாகத்தான் பட்டது. நானே கட்டினேன். விடைக்குறிப்பில் '15' என்பதற்குப் பக்கத்தில், 'அல்லது 10, காரணம் எழுதியிருந்தால்' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். 

பதினேழாம் தேதி முடிவு வந்தது. அந்த ஆசிரியர் ஐந்து தரவில்லை, சுழியும் தரவில்லை, மூன்று தந்திருந்தார். ஏன் மூன்று என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சரியாக நாற்பது. அவள் அன்றே பி.எட். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாள்.

மரக்காணம் போக வரப் பேருந்து இருபத்தாறு, ஷேர் ஆட்டோ இருபது, மீன் கூடை முந்நூற்றைம்பது, மறுமதிப்பீடு நானூறு. ஆக மொத்தம் எழுநூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய்.