கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர்

புத்தக வேலை கற்றுக்கொடுப்பது சுலபம். கற்றவருக்கு வேலை எடுத்துக்கொடுப்பதுதான் ஆகாத காரியம். என்னைப்போல் பிழை திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில்

என் மனைவி மங்கையை நான் கடைசியாக உயிருடன் பார்த்தது ஒரு சனிக்கிழமை காலை. சனிக்கிழமைதான் எங்கள் வகுப்பு. ஸ்காபரோவில் நூலகத்து அறையொன்றில், பக்கம் அமைக்கவும் பிழை திருத்தவும் நாங்கள் இருவரும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்துவந்தோம். எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அவள் மூலப்பிரதியை உரக்க வாசிப்பாள், காற்புள்ளியைக்கூட விடாமல் 'கொமா' என்று சொல்லி. நான் அச்சுப்படியில் விரல் வைத்துக்கொண்டு போவேன். அப்படியே பழகினோம், அப்படியே பழக்கினோம்.

அன்று வகுப்பை நிறுத்திவிடலாம் என்றேன். அவள் சம்மதிக்கவில்லை. வகுப்பு முடித்துத் திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். நான் புறப்படும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பிள்ளை நிர்மலா பிறம்ரனில இருந்து மூண்டு பஸ் மாறி வாறது. போயிட்டு வாங்கோ."

நேர்முகம்

எங்களிடம் படிக்கும் நிர்மலா பிறம்ரனில் ஒரு சாமான் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறவர். தோள்மூட்டு விட்டுக்கொண்டு வந்தது. அது முழுதாகப் போவதற்குள் புத்தக வேலைக்கு மாறிவிட வேண்டும் என்பதே அவருடைய அவசரம்.

எங்கள் வகுப்புக்குப் பயிற்சிக்குக் கிடைப்பவை, இறந்தவர்களுக்காக வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர்கள். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு முடித்தாக வேண்டும், தாமதத்துக்கு இடமில்லை. பழகுவதற்கு அதைவிட நல்ல புத்தகம் இல்லை. ஆனால் அமைத்தவர் பெயரை அதில் போடுவதில்லை. செத்தவருடைய மலரில் வெளியார் பெயர் வந்தால் கூடாது என்று வீட்டார் நினைப்பார்கள். கேட்க எங்களுக்கும் கூச்சம்.

மங்கை போன அடுத்த கிழமை, நகரத்துப் பதிப்பகம் ஒன்று பயிலுநர் இடத்துக்கு நிர்மலாவை அழைத்தது. தான் அமைத்த மலர்களையெல்லாம் பையில் கொண்டுபோனார். அவர் பெயர் உள்ள புத்தகம் ஒன்றாவது காட்டச் சொல்லி, மாதக்கடைசிவரை தவணை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"எல்லாத்திலையும் செத்த ஆக்களின்ர பேர்தான் கிடக்கு அங்கிள். நான் எங்கை எண்டு கேக்கினம்."

ஒப்புநோக்கல்

மங்கையின் மலரையும் நிர்மலாதான் அமைத்தார். பிழை பார்க்க இரண்டு பேர் வேண்டும். நான் வாசிக்கத் தொடங்கினேன். பிறப்பு, படிப்பு, கல்யாணம் என்று போய், பார்க்டேலில் நாங்கள் முதன்முதல் குடியிருந்த அறைக்கு வந்ததும் தாளை நீட்டிவிட்டேன்.

நிர்மலா தாளை வாங்கி உரக்க வாசித்தார். மங்கையைப் போலவே கொமாவுக்குக் கொமா. இறந்த திகதி வந்தபோதும் வேகத்தைக் குறைக்கவில்லை. கடைசியில் என்னுடைய அச்சுப்படியை எட்டிப்பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பிழையை விட்டிட்டியள் அங்கிள். அன்ரி எண்டால் விட்டிருக்க மாட்டா."

மில்லிக்கனில் இருந்து வந்தவர்

கடைசிப் பக்கத்தின் அடியில் 'பக்க வடிவமைப்பு: நிர்மலா' என்று போடச் சொன்னேன். அச்சுக்குப் போகுமுன் மங்கையின் தம்பி மில்லிக்கனில் இருந்து வந்து புரட்டிப் பார்த்தார். "அத்தான், இது அக்கான்ர மலரோ, உங்கட வகுப்பின்ர விளம்பரமோ?" என்றார். நான் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

அவர் போனபின் நிர்மலாவிடம், மனதுக்குச் சரியில்லையென்றால் எடுத்துவிடலாம் என்றேன். கணினியை விட்டுக் கண் எடுக்காமல் சொன்னார்: "கிடக்கட்டும் அங்கிள். நான் செத்தாப்பிறகு போடுற பேரை இப்ப போடுறியள், அவ்வளவுதானே."

திரும்பவும் பதிப்பகம்

மலரை அவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டினார்களாம். தமிழ் தெரியாவிட்டாலும் ஓரம் விட்டிருந்த அளவைப் பாராட்டினார்களாம். இடம் அவருக்குத்தான் என்று சொல்லிவிட்டு, பயிற்சி முடியும்வரை சம்பளம் இல்லை என்றும் சொன்னார்களாம். வீட்டு வாடகைக்கு அது தெரியாதே, களஞ்சியத்தை அவர் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை தோளில் வலிப் பிளாஸ்ரருடன் வகுப்புக்கு வந்தார்.

"பேர் வந்திட்டுது அங்கிள். சம்பளந்தான் வரேல்லை."

புத்தகத் தொழிலுக்கு எல்லோருக்கும் வழி திறக்கவென்று நாங்கள் நடத்திய வகுப்பில் மிஞ்சியது, பிறம்ரனில் இன்னமும் பெட்டி தூக்கிக்கொண்டு சனிக்கிழமைகளில் மங்கை உட்காரும் கதிரையில் இருந்து உரக்க வாசிக்கிற நிர்மலாவும், அவருடைய பெயர் அச்சான ஒரே புத்தகத்தின், கொடுத்து முடியாமல் என் கட்டிலின் கீழ் கிடக்கும் பிரதிகளும்தான்.