யுரேனஸில் கால் ஊன்ற ஓர் இடம்

"தரையே இல்லாத கிரகத்துல காலை எங்கேம்மா வைப்பீங்க?"

நூலக அறிவியல் மன்றத்தின் தலைவர் மைக்கைப் பிடித்து இப்படிக் கேட்டதும் நான் கையிலிருந்த தாள்களைப் புரட்டித் தேடினேன். கூடத்தில் இருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். யுரேனஸில் மனிதர் குடியேற முடியுமா என்பது அன்றைய தலைப்பு. நான் வாசித்த கட்டுரை என் அண்ணி எழுதியது.

அண்ணிக்குக் குளிர்பதனக் கிடங்கில் கதவுப் பொறுப்பு. மைனஸ் இருபத்தைந்து டிகிரி அறைக்குள் யார் எப்போது போனார், எப்போது திரும்பினார் என்று எழுத வேண்டும். இருபது நிமிடம் தாண்டினால், "உள்ள என்ன மாமியார் வீடா? வெளிய வாய்யா!" என்று கதவைத் தட்டுவார். அங்கே பேனா உறைந்துவிடும், எல்லாம் பென்சில்தான்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், நூலகத்தில் கிரகங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பழைய பதிவுத் தாள்களின் பின்பக்கத்தில் இரண்டு வருடமாகத் தன் திட்டத்தை எழுதினார். மன்றம் ஏற்றுக்கொண்டால் ஆண்டு மலரில் வரும்.

"படிச்சவங்க முன்னாடி நம்ம யோசனை நிக்குதான்னு பாக்கணும், அவ்ளோதான்" என்றார். அன்று அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பள்ளி முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை அனுப்பினார். பேனாவால் படியெடுத்ததும் நான்தான்.

"நல்ல கற்பனை. அடுத்தவங்க வாங்க" என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அண்ணியிடம் சொன்னேன்.

"கடைசித் தாள்ல அதுக்குத்தானே பதில் எழுதியிருந்தேன்?"

"எந்தத் தாள் அண்ணி?"

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் இடம் போதாமல், முன்பக்கக் கட்டங்களின் ஓரத்தில் எழுதியிருந்தார். ஆட்களின் பெயரும் மணியுமாகத் தெரிந்ததால் அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை.

"பன்னெண்டு வருஷம் படிச்சும் ஒரு தாளைத் திருப்பத் தெரியல உனக்கு."

"விடு, நாளைக்கே யுரேனஸுக்கு வீடு மாத்தப் போறோமா?" என்றான் அண்ணன்.

"நீங்க பேசாதீங்க. நீங்க முதல் பக்கத்தையே படிக்கல."

மறுநாள் மன்றத்துக்கு ஓடினேன். "பட்டியல் முடிஞ்சுது. அடுத்த வருஷம் தலைப்பு வேற" என்றார்கள். தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. பாதி அவர்கள்மேல், மீதி என்மேல்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான்: யுரேனஸில் இறங்கக் கூடாது, தொங்க வேண்டும். ஓர் உயரத்தில் அழுத்தம் பூமியில் இருப்பதைப் போலவே இருக்கும். நம் எடையும் கொஞ்சம்தான் குறையும். வெளியே இருக்கும் வாயுவையே பெரிய பலூனுக்குள் இழுத்துச் சூடாக்கினால் அது மிதக்கும். அதன் அடியில் தொங்கும் வீட்டின் தளத்தில்தான் கால் வைக்க வேண்டும். குளிர் மைனஸ் இருநூறை நெருங்கும். அதனால் கதவுச் சட்டத்தைச் சுற்றிச் சூட்டுக் கம்பி ஓட வேண்டும். இல்லையென்றால் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

கடைசி வரியை எந்தப் புத்தகத்திலிருந்தும் அவர் எடுக்கவில்லை. தினமும் அவர் திறக்கும் கதவு அது.

இதைப் படித்தவர்கள் இன்னும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அன்று சிரித்த முப்பது பேரில் ஒருவர் காதில் விழுந்தாலும் போதும்.